சாமிக்குக் கொடுத்த ஓட்டைப் போஞ்சி

தேயிலைத் தோட்டத்துக் கோயில் அன்னதானத்துக்கு என் கொடியின் முதல் பறிப்புப் போஞ்சிக்காயைத் தருவதாக வேண்டியிருந்தேன். திருவிழாவுக்கு இரண்டு நாள் இருக்கையில் பார்த்தால், காய்களில் புழுத்துளை. சாமிக்குப் போகிற காயில் ஓட்டையா என்று பதறி, பெரகல டவுனில் இருக்கும் பூச்சிமருந்துக் கடைக்கு ஓடினேன்.

“இருக்கிறதுலயே கடுமையான பூச்சிமருந்தா குடுங்க.”

போத்தலை எடுத்த கடைக்காரர் அதைக் கொடுக்காமல் கேட்டார்: “எப்ப பறிக்கப் போறீங்க?”

“நாளைக்குங்க.”

“இத அடிச்சா காயில நஞ்சு நிக்கும், ரெண்டு வாரத்துக்குப் பறிக்கக் கூடாதுங்க. அடுத்த காய்ப்புக்கு வேற மருந்து தாறேன்.”

எங்கள் லயத்து வீடுகளின் பிள்ளைகள் அத்தனை பேரும் பந்தியில் உட்காரும் காட்சி கண்முன் வந்து, “வேணாங்க, உள்ளுக்கு வைங்க” என்றேன். அவர் போத்தலைத் திரும்ப வைத்த பிறகுதான் கடையை விட்டு இறங்கினேன்.

புழு அரித்த பகுதியை வெட்டி எறிந்து மீதியைக் கோயிலுக்குக் கொடுத்தேன். பந்தியில் என் மகள் போஞ்சிக் கறியை இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள்.

இப்போது கடையில் பறிக்கும் நாளைச் சொல்லிவிட்டுத்தான் மருந்து கேட்கிறேன். அன்றைய ஓட்டைக் காயை யாரும் குறை சொல்லவில்லை. சாமியும்தான்.