எல்லாம் மூன்று தடவை

எங்கள் ஆபீஸில் எதையும் அழிக்கக் கூடாது. அது முதலாளியின் சட்டம். பழைய சட்டம், முட்டாள்தனமான சட்டம். அதனால் ஒரு நாள் என் உயிர் போனது.

போர்ட் பிளேர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன சரக்கு ஏஜென்சியில் வேலை பார்க்கிறேன். சென்னையிலிருந்து கப்பலில் வரும் கண்டெய்னரில் தீவுக்காரர்களின் சாமான்களை ஏற்றி வரவழைப்பது எங்கள் தொழில். பீரோ, டைல்ஸ், பைக், கல்யாணக் கட்டில், எதுவானாலும். ஆபீஸில் முதலாளியும் நானும்தான். அவர் மலையாளி, நான் ராமநாதபுரத்துக் குடும்பம். இருவரும் இந்தியில் சண்டை போடுவோம்.

மெயில் எல்லாம் ஒரே கம்ப்யூட்டரில், ஒரே ஃபைலில் வந்து விழும். நெட் சாட்டிலைட்டை நம்பியிருந்த காலத்தில், வந்த மெயிலை உடனே கம்ப்யூட்டருக்குள் இழுத்துப் போட்டுக்கொள்வோம். மழை பெய்தால் நெட் போய்விடும், எப்போது திரும்பும் என்று யாருக்கும் தெரியாது. கையில் இருப்பதுதான் நம்முடையது. பிறகு கடலுக்கடியில் கேபிள் வந்தது. நெட் ஓட ஆரம்பித்தது. எங்கள் புத்தி மட்டும் மழைக்காலத்திலேயே நின்றுவிட்டது. சென்னை கோடவுனில் ஒவ்வொரு சாமானையும் நாலு பக்கமும் போட்டோ எடுத்து அனுப்புவார்கள். அத்தனையும் அந்த ஒரே ஃபைலுக்குள் போய் உட்கார்ந்தது.

அன்று காலை கம்ப்யூட்டரைத் திறந்தேன். ஃபைல் அதன் உச்ச அளவை எட்டிவிட்டது என்று திரையில் வந்தது. மெயில் சாஃப்ட்வேர் பழசு. அதற்கு ஓர் அளவு உண்டு, அதற்கு மேல் ஒரு வரிகூட ஏற்காது. உள்ளே வருவதும் நின்றது, வெளியே போவதும் நின்றது.

சரியாக அதே நேரத்தில் அக்கா வந்து நின்றார்.

துறைமுகத்துக்கு எதிர்க்கரையில், பாம்பூஃப்ளாட்டில் இட்லி மாவு அரைத்து விற்கும் அக்கா. தூத்துக்குடிப் பக்கத்துக் குடும்பம். அங்கே படகு வந்து நிற்கும் ஜெட்டியைச் சுற்றியுள்ள டீக்கடைகள் அத்தனைக்கும் அவர் மாவுதான். அவருடைய பெரிய கிரைண்டர் வோல்டேஜ் ஏறி இறங்கியதில் மோட்டார் கருகிப் போனது. கோயம்புத்தூரில் வாங்கிய புதுசு சென்னையில் எங்கள் கோடவுனுக்கு வந்துவிட்டது. நடுவில் போர்ட் பிளேரிலிருந்து ஒருவன் பாக்கெட் மாவைப் படகில் கொண்டுபோய் அதே கடைகளுக்குப் போட ஆரம்பித்திருந்தான்.

"இந்த ஜஹாஜுல வந்துரும்லா?" என்றார் அக்கா. இங்கே கப்பலை எல்லாரும் அப்படித்தான் சொல்வோம். "கடக்காரன் எல்லாம் ஒரு வாரம் பொறுக்கேன்னு சொல்லிருக்கான். அடுத்த ஜஹாஜுன்னா அந்தப் பாக்கெட்டு மாவுக்கே பழகிருவான், பாத்துக்க."

"வந்துரும்க்கா, உக்காருங்க" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, அது நிச்சயமில்லை.

ஏனென்றால் எங்கள் முறை இதுதான். சென்னையில் ஏற்றவேண்டிய சாமான்களின் பட்டியலை மெயிலில் அனுப்புவார்கள். நாங்கள் பார்த்து, மெயிலிலேயே ஓகே சொல்ல வேண்டும். போனில் சொன்னால் ஏற்கமாட்டார்கள், வாட்ஸ்அப்பும் செல்லாது. முன்பு வாய்ப்பேச்சில் யாருடைய சோபாவோ யாருடைய வீட்டுக்கோ போய் ரகளையானதால் வந்த முறை. அன்று மதியம் கண்டெய்னரை மூடுகிறார்கள்.

வேறு கம்ப்யூட்டரில் திறந்து பார்க்கலாம் என்றால் பாஸ்வேர்ட் வேண்டும். அந்த பாஸ்வேர்டை எப்போதோ இங்கே வேலை பார்த்த ஒருவன் ஒரு தடவை தட்டிவிட்டு மெயின்லேண்டுக்குப் போய்விட்டான். அது கம்ப்யூட்டருக்கு மட்டும்தான் தெரியும். கம்ப்யூட்டர் சொல்லாது.

பழைய மெயிலை அழிக்கப் போகிறேன் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"குச் பீ டிலீட் நஹீ கர்னா" என்றார். ஒன்றையும் அழிக்கக் கூடாதாம். "நாளைக்கு எவனாவது வந்து என் பீரோ எங்கேன்னு கேட்டா?"

"இன்னைக்கு ஒருத்தங்க வந்து என் கிரைண்டர் எங்கேன்னு கேக்குறாங்க. அவங்களுக்கு நீங்களே பதில் சொல்லுங்க."

அவர் அக்காவைப் பார்த்தார். அக்கா அவரைப் பார்த்தார். முதலாளி டீ குடிக்க வெளியே போனார்.

நான் அழிக்க உட்கார்ந்தேன். பொங்கல் வாழ்த்து, தீபாவளி வாழ்த்து, வங்கி விளம்பரம் என்று வெட்டித் தள்ளினேன். ஃபைலின் அளவைப் பார்த்தேன். ஒரு மயிரளவும் குறையவில்லை. மேஜையை ஓங்கிக் குத்தினேன்.

"யம்மா, அது என்ன மாவா, குத்துனா இளகுறதுக்கு?" என்றார் அக்கா.

போனில் தேடிப் படித்தேன். அழித்த மெயில் எங்கும் போவதில்லையாம். அழித்தவற்றைப் போடும் ஃபோல்டருக்குப் போய், அதே ஃபைலுக்குள் குந்தியிருக்கும். அதையும் காலி செய்ய வேண்டும். காலி செய்தாலும் ஃபைல் தானாகச் சுருங்காது. நாமே சுருக்கச் சொல்ல வேண்டும். இதைக் கண்டுபிடித்தவன் மட்டும் கையில் கிடைத்தால் அன்று சும்மா விட்டிருக்கமாட்டேன்.

முறை தெரிந்தது. ஆனால் வாழ்த்துக்கும் விளம்பரத்துக்கும் எடையே இல்லை. எடை முழுக்க போட்டோ வைத்த பட்டியல்களில். அவற்றில் கை வைக்க எனக்கே பயம். முதலாளி சொன்னதில் பாதி நியாயம் இருந்தது. சாமான் காணவில்லை என்று வருகிறவர்களிடம் அந்தப் போட்டோக்களைத்தான் காட்டுவோம்.

அப்போது சென்னை கோடவுனில் இருந்து போன். "மேடம், லிஸ்ட் அனுப்பிட்டேன். ஓகே குடுங்க, மூடணும்."

"வரல."

"வரலையா? மூணு தடவ அனுப்பினேனே. இருங்க, மறுபடி மூணு தடவ தட்டுறேன்."

"ஏய், நிறுத்து! எதுக்கு மூணு தடவ?"

"நீங்கதான மேடம் அப்படி வெச்சிருக்கீங்க. அந்தமான்னா எல்லாம் மூணு தடவ. நான் வேலைக்குச் சேர்ந்த அன்னைக்கே சொல்லிக் குடுத்தாங்க."

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். உண்மைதான். சாட்டிலைட் காலத்தில் ஒரு மெயில் வந்தால் இரண்டு வராது. அதனால் எதையும் மூன்று தடவை அனுப்பு என்று எங்கள் ஆபீஸே கேட்டுக்கொண்டது. கேபிள் வந்த பிறகு மூன்றும் ஒழுங்காக வந்து சேர்ந்தன. போதும் என்று சொல்ல ஒருவருக்கும் தோன்றவில்லை.

பட்டியல்களைத் தலைப்பு வாரியாக அடுக்கினேன். ஒன்றின் கீழ் ஒன்றாக, மூன்று மூன்றாக நின்றன. அதே பீரோ மூன்று தடவை. அதே கட்டில் மூன்று தடவை. எங்கள் ஃபைலை நிரப்பியது சரக்கே இல்லை, எங்கள் பழைய பயம்.

ஒன்றை வைத்து இரண்டை அழித்தேன். மறுபடி ஒன்றை வைத்து இரண்டை அழித்தேன். இப்போது பயமில்லை, ஏனென்றால் எதுவும் தொலையவில்லை. அக்கா நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டு, "அந்தா, அந்தப் பச்ச கட்டிலு இன்னொன்னு கிடக்கு பாரு" என்று கைகாட்டிக்கொண்டே வந்தார். அவருக்கு இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. கட்டில் தெரிந்தது, அது போதும்.

ஃபோல்டரைக் காலி செய்து, சுருக்கச் சொல்லிப் பொத்தானை அழுத்தினேன். ஒரு கோடு மெதுவாக நகர ஆரம்பித்தது.

"கரண்ட் போனா?" என்றார் அக்கா.

"வாயக் கழுவுங்கக்கா."

"கேட்டேன்பா. எங்க பக்கம்னா இந்நேரம் போயிருக்கும்."

முதலாளி திரும்பி வந்து எங்கள் பின்னால் நின்றார். அவரும் அந்தக் கோட்டையே பார்த்தார். யூபிஎஸ் பச்சை விளக்கை ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

கோடு முடிந்தது. ஃபைல் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அனுப்பு, பெறு என்று அழுத்தினேன். தடுத்து வைத்த தண்ணீர் போல மெயில்கள் இறங்கின. பட்டியலும் வந்தது. மூன்று தடவை வந்தது. நடுவில் 'மாவு கிரைண்டர், ஒன்று, பாம்பூஃப்ளாட்' என்று இருந்தது. பக்கத்தில் போட்டோ. அக்கா திரையைத் தொட்டார். "நல்லா பளபளன்னு இருக்கான் பாரு" என்றார், பிள்ளையைச் சொல்வதுபோல.

ஓகே என்று அனுப்பினேன். கீழே இன்னொரு வரி எழுதினேன்: இனிமேல் எதையும் ஒரே ஒரு தடவை அனுப்பவும்.

உடனே பதில் வந்தது. 'சரி மேடம், கிரைண்டர் ஏத்தியாச்சு.' மூன்று தடவை வந்தது. இரண்டை அங்கேயே அழித்தேன். முதலாளி பார்த்துக்கொண்டுதான் நின்றார். தடுக்கவில்லை.

அடுத்த வாரமே வருஷத்துக்கு ஒரு ஃபைல் என்று பிரித்து வைத்தேன். பழைய வருஷங்களை ஒரு ஹார்டு டிஸ்க்கில் போட்டு முதலாளி கையில் கொடுத்தேன். அவருக்கும் நிம்மதி. புது பாஸ்வேர்ட் வாங்கி இருவரும் மனப்பாடம் செய்துகொண்டோம். இதையெல்லாம் பல வருஷம் முன்பே செய்திருக்கலாம். செய்யவில்லை. இப்போது செய்தாயிற்று.

கப்பல் வந்து, கிரைண்டர் லாரியில் ஏறிப் போன மறுநாள் அக்கா போன் செய்தார். பின்னால் அது கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுது, கேக்குதா? ஏய், கேக்குதா? கேக்குதாட்டி?"

"கேக்குதுக்கா. ஒரு தடவ சொன்னா போதும்."

"உனக்கு வாய் கூடிப்போச்சு. பொழுது சாய ஜெட்டிக்கு வா, மாவு தாரேன். டீக்கடக்காரன் எல்லாம் காலைலயே வந்து நிக்கான்" என்றார்.

போனேன்.