‘நன்று’ என்றால் வெட்டலாமா?

திங்கட்கிழமை காலை என் மாணவி ஒருவர், நான் போட்ட கையெழுத்தை என்னிடமே எடுத்துக் காட்டினார். முப்பதாண்டு ஆசிரியப் பணியில் இது எனக்கு முதல் அனுபவம். கோபம் வந்திருக்க வேண்டும்... வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

எங்கள் தமிழ்த்துறையில் இறுதியாண்டு மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு எழுத வேண்டும். அதற்கு முன், எதைப் பற்றி, எப்படி எழுதப்போகிறோம் என்று ஒரு பக்கத்தில் திட்ட வரைவு தர வேண்டும். அதைத் திருத்தி மதிப்பெண் போடுவது என் வேலை. மூன்று வாரங்களுக்கு முன் நாற்பத்திரண்டு வரைவுகள் வந்தன.

நாற்பத்தொன்றைப் படிக்க ஒரு மணி நேரமே ஆயிற்று. முன்னுரை, இயல் ஒன்று, இயல் இரண்டு, இயல் மூன்று, முடிவுரை. பலர் முடிவுரையை எழுதியே முடித்திருந்தார்கள் — ஆய்வு இன்னும் தொடங்கவே இல்லை. கண்டறிய வேண்டியதை முன்பே கண்டறிந்துவிட்டால், பிறகு எதற்கு ஆய்வு? ஏழு பேர் பிழையே இல்லாத ஒரே பத்தியைத் தந்திருந்தார்கள். அந்த நடை எந்தக் கைபேசியில் பிறந்தது என்று நான் கேட்கவில்லை.

நாற்பத்திரண்டாவது வரைவு கௌசல்யாவுடையது.

காலையில் கல்லூரி; பிற்பகலில் நெருப்பெரிச்சல் என்ற ஊரில் ஒரு பனியன் கம்பெனியின் சாம்பிள் பிரிவில் வேலை. அவர் எடுத்துக்கொண்ட பொருள், தையல் கூடத்துக் கைச்சைகைகள். இயந்திர இரைச்சலில் அங்கே பேச்சு கேட்காது. கேட்டாலும் ஒருவர் திருநெல்வேலி, அடுத்தவர் பீகார். ஆகவே சூப்பர்வைசர்களும் டெய்லர்களும் கையாலேயே பேசிக்கொள்கிறார்கள். அந்தப் பேச்சை எழுத்தில் பதிய வேண்டும் என்பது அவர் விருப்பம்.

வரைவு முழுவதும் ஒரே அட்டவணை. எதைப் பார்ப்பேன், எங்கே நின்று பார்ப்பேன், எத்தனை நாள், யாரிடம் கேட்டுச் சரிபார்ப்பேன், கிடைக்காவிட்டால் என்ன செய்வேன். ‘இந்த ஆய்வில் வராதவை’ என்று தனியாக ஒரு கட்டம். முடிவுரைக்கு நேரே இரண்டே சொற்கள்: ‘பார்த்த பிறகு’.

அசந்துபோனேன். ‘நன்று’ என்று எழுதி, பத்துக்கு ஒன்பது போட்டுக் கொடுத்தேன்.

மறுநாள் அதே தாளுடன் வந்து நின்றார்.

“ஐயா, நன்றுன்னா வெட்டலாமுங்களா?”

எனக்குப் புரியவில்லை. பொறுமையாக விளக்கினார். கம்பெனியில் முதலில் மாதிரி ஆடை ஒன்றைத் தைத்து, வெளிநாட்டிலிருந்து வாங்குபவருக்கு — அவர்கள் வழக்கில் ‘பையர்’ — அனுப்புவார்கள். அவர் அளவெல்லாம் சரிபார்த்து, அப்ரூவல் என்று எழுதிக் கொடுத்த பிறகே மொத்தத் துணியிலும் கத்தரி படும். ஒருமுறை ‘அழகாக இருக்கிறது’ என்று மட்டும் மின்னஞ்சல் வந்ததாம். அதையே அப்ரூவலாக எடுத்துக்கொண்டு வெட்டிவிட்டார்கள். கழுத்துப் பட்டியின் அகலம் தவறு என்று பையர் அதன் பிறகே சொன்னாராம்.

“வெட்டுன துணிய ஒட்ட முடியாதுங்க ஐயா. எது சரி, எது மாத்தோணும்னு கட்டம் கட்டமா எழுதிக் குடுத்துருங்க.”

என் சொற்சிக்கனத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதில் பாதி சோம்பல் என்பது அன்று தெரிந்தது.

உட்கார்ந்து கட்டம் கட்டமாகப் படித்தேன். இரண்டு திருத்தங்கள் சொன்னேன். மற்ற ஒவ்வொன்றுக்கும் நேரே ‘சரி’ எனக் குறியிட்டு, இரு படிகளில் கையெழுத்திட்டேன். தம் படியை ஓர் உறைக்குள் வைத்து, டேப் ஒட்டி, அந்த டேப்பின் மேலும் என் கையெழுத்தை வாங்கிக்கொண்டார். ஒப்புதல் பெற்ற மாதிரி ஆடையை அப்படித்தான் பத்திரப்படுத்துவார்களாம். சிரித்துக்கொண்டே போட்டுக் கொடுத்தேன்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை எனக்கு ஓர் எண்ணம் உதித்தது. உள்ளத்து உணர்ச்சி உடலில் வெளிப்படுவதை மெய்ப்பாடு என்று பெயரிட்டு, நம் இலக்கணம் எவ்வளவு நுட்பமாகப் பேசுகிறது. அதோடு இந்தச் சைகைகளை ஒப்பிட்டு ஓர் இயல் சேர்த்தால்? ஆசிரியர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் தோன்றும் எண்ணங்கள் ஆபத்தானவை. திங்கட்கிழமைகளில் அவற்றை மாணவர்களே சுமக்கிறார்கள்.

கௌசல்யாவை அழைத்து, வியாழனுக்குள் நூலகத்தில் உட்கார்ந்து குறிப்பெடுத்து வரச் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. தையல் வரிசையருகே நோட்டுடன் நிற்க மேனேஜர் தந்திருந்த அனுமதி, செவ்வாய் முதல் வியாழன் வரை மூன்றே நாள்கள். அதன் பிறகு ஷிப்மெண்ட் நெருக்கடி. ஆய்வேடு தரும் நாள் வரை உள்ளே விடமாட்டார்கள். அந்த மூன்று நாள்களை நூலகத்தில் கழித்தால் சைகைகள் போயின. சைகைகள் போனால் ஆய்வேட்டில் என்ன மிஞ்சும்?

அவர் வாதிடவில்லை. பையிலிருந்து உறையை எடுத்து என் மேசைமேல் வைத்து, என்னையே பிரிக்கச் சொன்னார்.

பிரித்தேன். ‘இந்த ஆய்வில் வராதவை’ என்ற கட்டத்தில் மூன்றாவது வரி: பழைய இலக்கணங்களோடு ஒப்பீடு. அதற்கு நேரே என் குறி. கீழே, ஐயத்துக்கு இடமின்றி, என் கையெழுத்து.

“மாத்தலாமுங்க ஐயா. பையர் சொன்னா மாத்தித்தான் ஆகோணும். ஆனா டெலிவரி தேதிய நீங்கதான் தள்ளிக் குடுக்கோணும்.”

குரலில் கேலி இல்லை. ஆசிரியரிடம் இப்படிச் சொல்ல எத்தனை முறை மனத்துக்குள் ஒத்திகை பார்த்தாரோ...

தேதியோ பல்கலைக்கழகம் குறித்தது; அதைத் தள்ள என்னால் ஆகாது. என் ஞாயிற்றுக்கிழமை எண்ணத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

அவர் போன பிறகும் உறை என்னை விடவில்லை. ஒப்புக்கொண்ட வரைவைப் பாதி வழியில் மாற்றச் சொல்லி இத்தனை ஆண்டுகளில் எத்தனை பேரை அலைக்கழித்திருப்பேன்? அவர்களிடம் உறை இல்லை. ‘சரிங்க ஐயா’ என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள். வரைவு மாணவரைக் கட்டுப்படுத்தும் தாள் என்றே நினைத்திருந்தேன். கையெழுத்திட்டவனுக்கும் அது பொருந்தும் என்பதை, பாதி நாள் பனியன் கம்பெனியில் நிற்கும் இருபது வயதுப் பெண் எனக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

வெள்ளிக்கிழமை நோட்டுடன் வந்தார். முப்பத்தொரு சைகைகள். ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினார். உள்ளங்கையைப் புரட்டினால், துணியின் மறுபக்கம் தைத்துவிட்டாய் என்று பொருள். கன்னத்தில் கை வைத்துத் தலையைச் சாய்த்தால், நூல் தீர்ந்து இயந்திரம் சும்மா கிடக்கிறது. பீகார் டெய்லர் ஒருவர் நேரத்துக்கு முன்பே தம் துணிக்கட்டைத் தைத்து முடித்துவிட்டால், திருநெல்வேலி சூப்பர்வைசர் மூக்கின்மேல் விரலை வைப்பாராம்.

வியப்பின் மெய்ப்பாடு! என்னால் அடக்க முடியவில்லை. “இதைத்தான் அம்மா நம் இலக்கணத்தில்...” என்று தொடங்கினேன்.

கௌசல்யா நோட்டை மூடினார்.

“அது அடுத்த ஆர்டருங்க ஐயா.”