பெட்டியை எடுக்கத் திரும்பிப் போன காக்காவும் நான் எழுதிய பரீட்சையும்

அஸ்மி காக்கா, கூடப்பிறந்த அண்ணன் என்றாலும் உங்கள் மேல் எனக்கு இன்னும் கோபம்தான்.

சுனாமி அன்றைக்கு உம்மாவையும் என்னையும் பிரதான வீதி வரைக்கும் இழுத்துக்கொண்டு வந்தீர்கள். அங்கே தண்ணீர் முழங்காலுக்குக்கூட இல்லை. தப்பிவிட்டோம். அந்த நேரத்தில்தான் உங்களுக்குப் பெட்டி ஞாபகம் வந்தது. "ஜீவாட நோட்டெல்லாம் அதுக்குள்ள இரிக்கி, இல்லாட்டி அவன் ஏசுவான்" என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஓடினீர்கள். உம்மா கத்தினா. நானும் கத்தினேன். அதற்குப் பிறகுதான் பெரிய அலை வந்தது.

வாசிக்கிற சகோதர சகோதரிகளே, என் காக்கா படித்துக்கொண்டிருந்தது கம்பியூட்டர் பாதுகாப்புப் பரீட்சைக்கு. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று நடத்துகிற பரீட்சை. கொழும்பில் போய் எழுத வேண்டும். பாஸ் பண்ணினால் வங்கியிலோ கம்பெனியிலோ அவர்களுடைய கம்பியூட்டர்களைக் கள்ளரிடமிருந்து காக்கிற வேலை கிடைக்கும். காரைதீவு ஜீவாவும் அவரும் ஒன்றாகப் படித்தார்கள். ஜீவா எழுதிய நோட்டுக்கள் எங்கள் வீட்டில் ஒரு பெட்டியில் இருந்தன. அந்தக் கடதாசிக்காகத்தான் என் காக்கா போனார்.

அப்போது எனக்குப் பதினாலு வயது. ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. கல்முனையில் டெலிபோன் கோல் எடுக்க ஆட்கள் வருகிற ஒரு கொமியூனிகேஷன் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன். வந்தவர்களெல்லாம் "அல்லாஹ்வின் நாட்டம், பொறுமையாக இரு" என்றார்கள். சொல்லிவிட்டு அவர்கள் வீட்டுக்குப் போய்விடுவார்கள். எனக்குப் போக வீடும் இல்லை, பொறுமையும் இல்லை. தொழுவேன். ஆனால் பல்லைக் கடித்துக்கொண்டு தொழுவேன்.

கடையில் இன்டர்நெட் வந்தது. அந்தப் பரீட்சையைத் தேடிப் பார்த்தேன். பெரிய படிப்புக் கேட்கவில்லை, யாரும் எழுதலாம் என்றிருந்தது. அன்றைக்கே முடிவெடுத்தேன். காக்காவைக் கொண்டுபோன பரீட்சையை நான் பாஸ் பண்ணியே தீருவேன். ஆசையால் இல்லை. பழிவாங்க.

பரீட்சைக்கான புத்தகத்தைப் பிரிண்ட் எடுத்தேன். முழுவதும் இங்கிலீஷ். எனக்குப் படிக்கத் தெரிந்த வழி ஒன்றுதான். குர்ஆன் மத்ரசாவில் எப்படி மனனம் செய்தேனோ, அப்படியே சப்பணம் கட்டி, முன்னும் பின்னும் ஆடி, கேள்வியையும் விடையையும் ஓதி ஓதிப் பாடமாக்கினேன். உம்மா அதைப் பார்த்துவிட்டு, "மனே, இது என்ன சூறா? குர்ஆன்ல எனக்குத் தெரியாத சூறாவா இரிக்கி" என்று கேட்டா. சுனாமிக்குப் பிறகு உம்மா பகிடி விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

கொழும்புக்குப் போனேன். யுத்த காலம், வழி நெடுக பஸ்ஸிலிருந்து இறக்கி இறக்கிச் சோதித்தார்கள். பரீட்சையில் நான் பாடமாக்கிய கேள்வி ஒன்றுகூட அப்படியே வரவில்லை. எல்லாம் கதை மாதிரி. இப்படி நடந்தால் நீ என்ன செய்வாய் என்று கேட்கிற கதை. ஃபெயில்.

அடுத்த நாள் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசலிலேயே இருந்தேன். கையேந்தினேன். அழகான துஆ இல்லை அது. சண்டை. "யா அல்லாஹ், காக்காவை எடுத்தாய். படிப்பை எடுத்தாய். எனக்கு இதைத் தமிழில் விளங்கப்படுத்த ஒரு ஆளைத் தா. தரமாட்டாய் என்றால் இந்த ஆசையையும் எடுத்துவிடு." ஒவ்வொரு அஸருக்கும் அதையே கேட்டேன். இரண்டு மூன்று மாதம் போனது.

யுத்தம் முடிந்து சில நாளில், கனடாவுக்குக் கோல் எடுக்க ஒருவர் கடைக்குள் வந்தார். என்னையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீ அஸ்மிட தம்பியா? அவன உரிச்சு வச்ச மாதிரி இரிக்காய்."

ஜீவா. காரைதீவில் கோயில் சடங்குக்கு வந்திருந்தார். அந்தப் பரீட்சையை எப்போதோ பாஸ் பண்ணிக் கொழும்பில் வேலை செய்கிறார்.

"ஓம். உசிரோட இரிக்கிற தம்பி" என்றேன்.

"உங்கட வீட்ட வரணும் எண்டு நாலு வருசமா நினைக்கிறன். கால் வரல்ல."

"உங்களுக்குக் கால் வரல்ல. எங்கட காக்காக்கு நல்லா வந்த. உங்கட நோட்டெடுக்க ஓடின."

"என்ட நோட்டா?"

"ஓம், உங்கட நோட்டுத்தான். நீங்க ஏசுவீங்க எண்டு சொல்லிட்டுத்தான் போன."

கடை முதலாளி உள்ளேயிருந்து, "டேய், வாற ஆக்களோட சண்டை பிடிச்சா ஆருடா கோல் எடுக்கிற?" என்று கத்தினார். ஜீவா பக்கத்தில் இருந்த ஸ்டூலில் குந்திவிட்டார். அவருக்கு இது தெரியாது. அவரிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

எழும்பிப் போவார் என்று நினைத்தேன். போகவில்லை. மேசையில் கிடந்த என் பிரிண்டைப் பார்த்தார். எழுதினாயா என்று கேட்டார். ஃபெயில் என்றேன். எந்தக் கேள்வி கஷ்டம் என்றார். வேண்டுமென்றே சொன்னேன். கம்பியூட்டர் வைத்திருக்கிற கட்டடத்துக்குள் வெள்ளம் வருகிறது, முதலில் என்ன செய்வாய் என்ற கேள்வி. தகவல்களின் பிரதியை எடுப்பேன் என்று போட்டிருந்தேன்.

"பிழை" என்றார். "ஆக்கள்தான் முதல். எந்தக் கேள்வியா இருந்தாலும் ஆக்கள்ற உயிர்தான் முதல். அஸ்மிக்கு இது தெரியும். அதாலதான் உன்னையும் உம்மாவையும் முதல் வெளியாக்கின."

"மறுகா அவர் ஏன் திரும்பிப் போன?" கடை அதிரக் கத்தினேன்.

"ஆக்கள வெளியாக்கின பிறகு உள்ள போகப்படா. அதுவும் புத்தகத்தில இரிக்கி தம்பி. அவன் அதுல பிழை விட்டுட்டான்."

ஜீவாவை அடிக்க வேண்டும் போல் இருந்தது. பிறகுதான் விளங்கியது. தமிழில் விளங்கப்படுத்த ஒரு ஆளைக் கேட்டேன். விளங்கப்படுத்திவிட்டார். ஒரே நிமிசத்தில், நான் இத்தனை மாதம் ஆடி ஆடி ஓதியும் விளங்காததை. உலகத்தில் எத்தனையோ ஆட்கள் இருக்க, அல்லாஹ் அனுப்பியது இவரை. அதற்கும் அல்லாஹ்வோடு கோபித்துக்கொண்டேன்.

ஆனால் படித்தேன். மாதத்துக்கு இரண்டு தடவை ஊருக்கு வருவார். மற்ற நாளில் போனில் சொல்லித்தருவார். பாடமாக்க விடமாட்டார். "ஓதாத, யோசி" என்பார். நோன்பு காலத்தில் என் முன்னால் அவர் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. "குடிங்க, எனக்கென்ன?" என்று எரிந்து விழுவேன். சிரிப்பார். நோன்புப் பெருநாள் கழிந்து திரும்ப எழுதினேன். அல்ஹம்துலில்லாஹ், பாஸ்.

இன்றைக்கு எனக்கு மாதச் சம்பள வேலை இருக்கிறது. ஜீவா வந்தால் உம்மா சோறு போட்டுக் கொடுக்கிறா. கோபம் போய்விட்டதா என்று கேட்டால், இல்லை. ஆனால் முன்பு கோபம் வந்தால் தொழுகையை விட்டு ஓடப் பார்ப்பேன். இப்போது அந்தக் கோபத்தையும் தூக்கிக்கொண்டு தொழுகை விரிப்புக்கு, முஸல்லாவுக்குப் போகிறேன்.

உங்களுக்குச் சொல்வது இதுதான். கோபமாக இருந்தாலும் கேளுங்கள். அழகான வார்த்தை வரவில்லை என்று கேட்காமல் விடாதீர்கள். அல்லாஹ் அனுப்புகிற ஆளைப் பிடிக்கவில்லை என்று வாசலோடு திருப்பி அனுப்பாதீர்கள்.

அடக்கம் செய்ய என் காக்காவின் மையத்து கிடைக்கவில்லை. போய் நின்று ஸலாம் சொல்ல ஒரு கபுறு எங்களுக்கு இல்லை. அதனால் நீங்கள் எந்த ஊரில் இருந்தாலும், இதை வாசித்து முடித்த கையோடு, அஸ்மி என்று பெயர் சொல்லி அவருக்காக ஒரு துஆ கேளுங்கள்.