எண்ணெய்ச் சொட்டு இல்லாத ஒர்க்‌ஷாப்

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் நான் சூப்பர்வைசர். ஞாயிறு மட்டும்தான் விடுமுறை. மெக்கானிக்கல் படிக்க ஆசைப்பட்ட மகள் யாழினியை ஒரு ஞாயிற்றுக்கிழமை பைக்கில் ஏற்றிக்கொண்டு கல்லூரி பார்க்கப் போனேன். வாட்ச்மேன், "நீங்களே சுத்திப் பாத்துக்குங்க சார்" என்று உள்ளே விட்டுவிட்டார்.

ஜன்னல் வழியாக ஒர்க்‌ஷாப்பைப் பார்த்து அசந்துபோனேன். லேத் மெஷின்கள் பளபளத்தன. தரையில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

"இன்னா சுத்தம் பாரு! இங்கயே சேர்ந்துடலாம்" என்றேன்.

யாழினி கண்ணாடியிலிருந்து முகத்தை எடுக்காமல் கேட்டாள்: "உங்க கம்பெனி இப்படி இருக்குமாப்பா?"

"ஆடிட் அன்னிக்கு இருக்கும்."

சொன்ன பிறகுதான் எனக்கே சுருக்கென்றது. ஆடிட்டுக்கு முதல் நாள் மெஷினை நிறுத்திவிட்டுத் தரையைத் துடைக்க வைப்பவனே நான்தான்.

செவ்வாய்க்கிழமை லீவு போட்டுவிட்டு இருவரும் மறுபடி போனோம். வகுப்பு நடக்கிற நேரம், ஆனால் ஒர்க்‌ஷாப் பூட்டியே கிடந்தது. வெளியே நின்ற மாணவனிடம் விசாரித்தேன்.

"இன்ஸ்பெக்‌ஷன் வந்தா தொறப்பாங்க அங்கிள். நாங்க வீடியோலதான் பாத்துக்குவோம்" என்றான்.

இப்போது அவள் படிப்பது வேறு கல்லூரியில். அதைப் பார்க்கப் போன அன்று, மெஷின் சத்தத்தில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. கல்லூரி பார்க்கக் கிளம்புகிறவர்களிடம், "லீவு போட்டாவது வேலைநாள்ல போங்க" என்றுதான் இப்போதெல்லாம் சொல்கிறேன்.

யாழினியின் காக்கிச் சட்டையில் எண்ணெய்க் கறை போகவே மாட்டேன் என்கிறது என்று என் மனைவி சலித்துக்கொள்கிறாள். எனக்கு அந்தக் கறையைப் பார்த்தால்தான் நிம்மதி.

- ஒரு வாசகர், படப்பை