நைனா ஓட்டிப் பார்த்த லேடீஸ் சைக்கிள்

இன்று காலை நைனாவும் நானும் செஞ்சிக் கடைத்தெருவில் எனக்குச் சைக்கிள் வாங்கப் போனோம். அடுத்த வாரம் பஞ்சாயத்து யூனியன் பள்ளிக்கூடத்தில் டீச்சர் வேலையில் சேர்கிறேன். சைக்கிள் ஓட்ட இனிமேல்தான் பழக வேண்டும்.

கடையில் புதிதாக ஒன்று பளபளவென்று நின்றது. ஆனால் அது குறுக்குக் கம்பி வைத்த ஆண்கள் வண்டி. மூலையில் ஒரு பழைய லேடீஸ் சைக்கிள், மாற்றலாகிப் போன நர்ஸம்மா விற்றுவிட்டுப் போனது.

“புதுசே வாங்கு. பழசு நடுவழியில நின்னுட்டா இன்னா பண்ணுவ?” என்றார் நைனா.

“பொடவையோட அந்தக் கம்பிய எப்டி நைனா தாண்டுவேன்?”

அவர் பழைய வண்டியின் மணியை அடித்துப் பார்த்தார். “ஒரு தபா ஓட்டிப் பாக்குறேன்” என்று பழையதில் ஏறிப் போனார்.

நெடுநேரம் ஆளைக் காணோம். வெளியே வந்து பார்த்தேன். ராஜகிரிக் கோட்டை மலை மேல் மேகம் இறங்கியிருந்தது. அதன் கீழே, வேட்டி படபடக்க, இரண்டு கைகளையும் விட்டுவிட்டு, என் நைனா மிதந்து வந்துகொண்டிருந்தார். அவரை அப்படி நான் பார்த்ததே இல்லை. கூப்பிட மனம் வரவில்லை.

இறங்கியதும் முகத்தைக் கடுமையாக்கிக்கொண்டார். “இதுவே இருக்கட்டும். வூட்டுக்கு நான் ஓட்டிக்கினு வரேன், நீ நடந்து போ.”

நான் வீடு வந்து வெகுநேரமாகிவிட்டது. வண்டி இன்னும் வரவில்லை. ஓட்ட நானே கற்றுக்கொள்வேன். நைனாவை அதிலிருந்து இறக்க யாராவது வழி சொல்லுங்கள்.