பாட்டுக்கு விட்டுவைத்த சாமை

அண்ணன் என்னைப் பாட்டு வீடியோவுக்குக் கதாநாயகியாகத் தேர்ந்தெடுத்தது என் அழகுக்காக என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். உண்மை வேறு. எங்கள் பள்ளியில் என்னைவிட நன்றாகப் பாடும் பெண்கள் நான்கைந்து பேர் இருந்தார்கள். எல்லோரும் விடுதிப் பிள்ளைகள். ஞாயிற்றுக்கிழமை வார்டன் அவர்களை வாசல் தாண்ட விடமாட்டார். வீட்டிலிருந்து வந்துபோகிறவர்களில் சுதி தப்பாமல் பாடுகிறவள் என்று மிஞ்சியது நான்தான். அப்போது நான் ஏழாம் வகுப்பு, அண்ணன் பதினொன்றாம் வகுப்பு.

மாவட்ட அளவில் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஒரு போட்டி அறிவித்திருந்தார்கள். தங்கள் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றிப் பிள்ளைகளே பாட்டெழுதி, பாடி, நான்கு நிமிடத்துக்குள் படம் பிடித்து அனுப்ப வேண்டும். எங்கள் தமிழ் டீச்சர் ஆலங்காயத்திலிருந்து தினமும் பஸ்ஸில் மலையேறி வருகிறவர். நல்ல கேமரா உள்ள போன் அவரிடம் இருந்ததால் பொறுப்பும் அவர் தலையில் விழுந்தது. ஜவ்வாது மலையில் சாமையை விட்டால் வேறு எதைப் பாடுவது? அண்ணன் இரண்டே நாளில் எழுதிக் கொண்டுவந்து நீட்டினான்.

'சாமைக்கதிர் தலை குனிஞ்சா
சந்தோசம் வூடு வரும்'

என்று நான் பாடும் இடமெல்லாம் நன்றாகத்தான் இருந்தது. நடுவில் ராப் என்று ஒன்றைச் செருகியிருந்தான். 'சாமை எங்க பாஸு, சத்துல அது மாஸு' என்று கையை வெட்டி வெட்டிச் சொல்லிக் காட்டினான். டீச்சர் கொஞ்சநேரம் சன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். வேண்டாம் என்று சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

பள்ளியில் அரிசி மூட்டைகள் அடுக்கிய அறையில் பாட்டைப் பதிவு செய்தோம். மூட்டை எதிரொலியை வாங்கிக்கொள்ளும் என்று அண்ணன் எதிலோ பார்த்திருந்தான். ஆறு தடவை தப்பாகப் பாடி ஏழாவது தடவை ஒழுங்காகப் பாடி முடித்தபோது வெளியே ஒரு சேவல் கூவித் தொலைத்தது. ஊர்ப் பாட்டுதானே, கூவிவிட்டுப் போகட்டும் என்று டீச்சர் விட்டுவிட்டார். இனி அந்தப் பாட்டை ஸ்பீக்கரில் போட்டு நான் வாயசைத்தால் போதும்.

எந்த வரிக்கு யார் எங்கே நிற்பது என்று அண்ணன் ஒரு நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்து வைத்தான். எல்லாக் கட்டத்திலும் எனக்கு வட்டத் தலை, இரண்டு சடை. பின்னால் முற்றிய சாமை நிற்க, பெண்கள் அதை அறுத்துக்கொண்டிருக்க, முன்னால் நான் பாட வேண்டும். கடைசியில் களத்தில் ஜோடி மாடு கட்டிக் கதிரை மிதிக்கவிடும் காட்சி. ஜோடி மாடு என்று எழுதியிருந்த இடத்தில் மட்டும் ஒரு கேள்விக்குறி போட்டிருந்தான்.

அதற்குக் காரணம் இருந்தது. அப்பாவும் பெரியப்பாவும் இரண்டு வருடமாகப் பேசிக்கொள்வதில்லை. எதற்காக என்று மூன்று விதமாகக் கேட்டிருக்கிறேன். கல்யாணப் பந்தியில் தன்னைக் கூப்பிடாமல் அண்ணன்காரர் உட்கார்ந்துவிட்டார் என்பது அப்பாவின் வழக்கு. கொட்டகைப் படலைச் சாத்தாமல் போய் மாட்டைத் தொலைக்கப் பார்த்தான் என்பது பெரியப்பாவின் வழக்கு. இரண்டு பேருக்கும் வேலை இல்லை என்பது அம்மாவின் தீர்ப்பு. கோபத்தில், இருந்ததையெல்லாம் சரிபாதியாகப் பிரித்தார்கள். ஒரு ஜோடி மாடு இருந்தது, ஆளுக்கொன்று. செவலை எங்களுக்கு, மயிலை பெரியப்பாவுக்கு. ஒற்றை மாட்டை வைத்துக்கொண்டு உழவும் முடியாது, போர் மிதிக்கவும் முடியாது. இரண்டு பேரும் உழவுக்கு அடுத்தவர்கள் மாட்டை எதிர்பார்த்து நின்றார்களே தவிர, இருபதடி தூரத்தில் கட்டிக் கிடந்த மாட்டைக் கேட்கவில்லை. பக்கத்துப் பக்கத்து நிலம்தான். நடுவில் ஒரு வரப்பு.

அறுவடை வந்தது. வீடியோவுக்காகக் கால் ஏக்கரை மட்டும் அறுக்காமல் விட்டுவைக்க அப்பா ஒத்துக்கொண்டார். அந்த ஞாயிற்றுக்கிழமை டீச்சர் ஆலங்காயம் சர்ச்சில் காலைப் பூசையை முடித்த கையோடு முதல் பஸ்ஸைப் பிடித்து வந்துவிட்டார். அம்மாவோடு சேர்த்துப் பன்னிரண்டு பெண்கள் அரிவாளோடு நின்றார்கள்.

"நான் கை தூக்குனதும் நாலு பிடி மட்டும் அறுங்க. அப்புறம் நிறுத்திடணும். திரும்பத் திரும்ப எடுப்போம், அதுவரைக்கும் பயிர் நிக்கணும்" என்றார் டீச்சர்.

"நாலு பிடி. தெரியுதுங்க டீச்சர்" என்றாள் அம்மா. மற்ற பெண்களுக்கும் அவளே ஒருமுறை சொல்லிக் காட்டினாள்.

எல்லாம் தயார். ஸ்பீக்கர் மட்டும் வாயைத் திறக்கவில்லை, சார்ஜ் இல்லை. அண்ணன் அதைத் தூக்கிக்கொண்டு ரோட்டோர டீக்கடைக்கு ஓடினான். வெயிலில் என் பவுடர் கோடு கோடாக வழிந்திருந்தது. முகம் கழுவித் திரும்பப் பூசலாம் என்று டீச்சர் என்னை வீட்டுக்கு அழைத்துப் போனார். சடையை அவிழ்த்துப் பின்னி, கனகாம்பரம் வைத்து, மை தீட்டி, நாங்கள் திரும்பி வர ஒரு மணி நேரம் ஆகியிருக்கும்.

நிலம் மொட்டையாக இருந்தது. பன்னிரண்டு கட்டுகள் வரிசையாகக் கிடந்தன. பெண்கள் புளியமரத்து நிழலில் உட்கார்ந்து கூழ் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

டீச்சர் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே ஸ்பீக்கரோடு ஓடி வந்த அண்ணன் நோட்டைத் தூக்கி எறிந்தான். நான் மை கரைய ஓவென்று அழுதேன். அவ்வளவு அழுகை அதற்கு முன்னும் அழுததில்லை, பின்னும் அழுததில்லை.

"கையில அரிவாள வெச்சிகினு எம்மா நேரந்தான் சும்மா நிக்கறது டீச்சர்? வெயிலும் ஏறுது. பழக்க தோசத்துல வந்துட்டுதுங்க" என்றாள் அம்மா. முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள். இவர்களை வைத்துக்கொண்டு படம் எடுக்க நினைத்தது யார் தப்பு என்று நான் அழுகைக்கு நடுவிலும் யோசித்தேன்.

சாயங்காலம் ஆலங்காயத்திலிருந்து திரும்பிய அப்பா, மொட்டை நிலத்தைப் பார்த்துவிட்டு இன்னா இது என்றார். டீச்சர் அறுக்கச் சொன்னார்கள், அறுத்தோம் என்று அம்மா சொல்லிவிட்டாள். டீச்சர் சொன்னது அதுவல்ல என்று எனக்குத் தெரியும். அப்பாவுக்குப் பயந்து மாற்றிச் சொல்கிறாள் என்று நினைத்துப் பேசாமல் இருந்தேன்.

வீடியோவை அனுப்பக் கடைசி நாளுக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு சுற்றுப்பட்ட ஊரெல்லாம் போய்ப் பார்த்தான். எல்லா இடத்திலும் அறுவடை முடிந்திருந்தது. ஒரே ஒருவர் நிலம் மட்டும் நின்றது. ஒற்றை மாட்டோடு ஜோடிக்குக் காத்திருந்து பதினைந்து நாள் பிந்தி விதைத்தவர் பெரியப்பா.

இராத்திரிச் சாப்பாட்டின்போது அம்மாதான் அதை எடுத்தாள். அப்பா அடுப்பைப் பார்த்தபடி, "நான் போயி அவர் வாசல்ல நிக்க மாட்டேன்" என்றார்.

"உங்கள யாரு போவச் சொன்னது? பாப்பா போவும்" என்றாள் அம்மா.

மறுநாள் போனேன். இரண்டு வருடமாக நான் மிதிக்காத வாசல். பெரியப்பா மயிலைக்குத் தீனி வைத்துக்கொண்டிருந்தார். நான் பாட்டு, போட்டி, டீச்சர், கடைசி நாள் என்று மூச்சு விடாமல் ஒப்பித்தேன். அவர் நிமிரவே இல்லை.

"உங்க நெலத்த இன்னா பண்ணீங்க?" என்றார் கடைசியில்.

"அம்மாங்க எல்லாம் சேர்ந்து அறுத்துட்டாங்க பெரிப்பா."

மாட்டின் கழுத்தைத் தடவிக்கொடுத்தார். "என் மாடு பாட்டுல வருமா?" என்றார்.

வரும் என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். மாட்டுக்கு இடம் உண்டா என்று அண்ணனிடம் கேட்காமலே வாக்குக் கொடுத்திருந்தேன். அவன் நோட்டை எடுத்துக் கேள்விக்குறியை அடித்தான்.

அடுத்த ஞாயிறு அதே பெண்கள் பெரியப்பா நிலத்தில் இறங்கினார்கள். அம்மா முதல் ஆளாக வரப்பைத் தாண்டினாள். பெரியம்மா தண்ணீர்க் குடத்தோடு எதிரில் நின்றாள். இம்முறை ஸ்பீக்கர் பாடியது. டீச்சர் கை தூக்கினார். நாலு பிடி அறுத்தார்கள். கை இறங்கியது, அப்படியே நின்றார்கள். மறுபடி கை தூக்க, மறுபடி நாலு பிடி. ஒருத்தி ஐந்தாவது பிடியைத் தொடவில்லை. ஒரு வாரத்துக்குள் எப்படி நடிப்பைக் கற்றுக்கொண்டார்கள் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். மதியத்துக்குள் கடைசிச் சரணத்தைத் தவிர எல்லாம் எடுத்தாகிவிட்டது. மீதிப் பயிரையும் பெண்கள் அறுத்து முடித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம். கூலி இல்லாமல் ஒருவர் நிலத்துக்கு மற்றவர் மாற்றி மாற்றி அறுத்துக்கொள்வோம். எந்த வீட்டுப் பெண் கதிர் அறுக்கிறாளோ, அவள் கட்டை அந்த வீட்டு ஆண்பிள்ளைதான் களத்துக்குத் தூக்க வேண்டும். வராவிட்டால் அந்த வீட்டுக்கு மரியாதை இல்லை. வெயில் சாய்ந்ததும் ஒவ்வொருவராக வந்து தங்கள் வீட்டுக் கட்டைத் தூக்கிப் போனார்கள். அம்மாவின் கட்டு மட்டும் கிடந்தது. அம்மா அதன் பக்கம் திரும்பாமல் அரிவாளைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

அண்ணன் கடைசிச் சரணத்துக்கு என்னை அறுத்த நிலத்தின் அடித்தாளில் நிறுத்தினான். அது என் உயிர்ச் சரணம். குரல் மேலே ஏறும் இடம். பாட்டு ஆரம்பித்தது. நான் கண்ணை அகல விரித்து, நோட்டில் போட்டிருந்தபடி கையை விரித்து, வாயசைத்தேன். அந்த நேரம் பார்த்து அப்பா வந்தார். தோள் துண்டைச் சுருட்டிச் சும்மாடாகத் தலையில் வைத்துக்கொண்டு என் பின்னால் கட்டுக்குப் பக்கத்தில் நின்றார். அம்மா கட்டியிருந்த கட்டு பெரிது. அவ்வளவு பாரத்தை யாராக இருந்தாலும் தனியாகத் தலைக்கு ஏற்ற முடியாது. இன்னொருவர் தூக்கிவிட வேண்டும். அண்ணன் கையில் டீச்சரின் போன்; மற்ற ஆண்கள் எல்லோரும் போய்விட்டார்கள். பெரியப்பா இருந்தார்.

"புடி" என்று பெரியப்பாவின் குரல் கேட்டது. "இன்னும் கொஞ்சம் ஒசத்து" என்றார் அப்பா. நான் திரும்பிப் பார்க்கவில்லை. நடிக்கும்போது திரும்பக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். நான் பாடி முடித்தபோது அண்ணன் கையிலிருந்த போன் எங்கேயோ பார்த்துக்கொண்டிருந்தது.

அதற்குப் பிறகு களத்தில் செவலையையும் மயிலையையும் ஜோடி சேர்த்தார்கள். இரண்டும் ஒன்றையொன்று மோந்து பார்த்துவிட்டு, பழைய பழக்கத்தில் கால் மாறாமல் சுற்ற ஆரம்பித்தன. அப்பா ஓட்டினார், பெரியப்பா கதிரைத் தள்ளிவிட்டார். பெரியம்மா சாமைச் சோறும் கீரைக் குழம்பும் கொண்டுவந்தாள். டீச்சர் இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டதில் பெரியப்பாவுக்குப் பெருமை தாங்கவில்லை. ராப்பைக் கேட்டு மிகவும் சிரித்ததும் அவர்தான்.

பரிசு ஒன்றும் வரவில்லை; ஒரு சான்றிதழ் வந்தது. எனக்கு வருத்தம் அதில் இல்லை. வீடியோவைப் போட்டுப் பார்த்தபோது கடைசிச் சரணத்தில் என்னைக் காணோம். குரல் மட்டும் கேட்கிறது, முகம் இல்லை. மூன்று நாள் நான் அண்ணனோடு பேசவில்லை. அது நன்றாக வந்திருக்கிறது என்பதைத் தவிர அவன் வேறு எதுவும் சொல்லவில்லை.

அண்ணன் இப்போது வாணியம்பாடியில் கல்யாண வீடியோ எடுக்கிறான். போன பொங்கலுக்கு மலைக்கு வந்தபோது, அப்போது டீச்சர் கொடுத்த பழைய மெமரி கார்டில் கிடந்தது என்று ஒன்றைக் காட்டினான். முதல் ஞாயிற்றுக்கிழமை, நிலம் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க டீச்சரின் போனை ஒரு கல்மேல் சாய்த்துவைத்து, நிறுத்த மறந்து டீக்கடைக்கு ஓடியிருக்கிறான். நாங்கள் எல்லோரும் போன பிறகும் அது ஓடிக்கொண்டிருக்கிறது. பெண்கள் பழகிப் பார்க்கிறார்கள்: நாலு பிடி அறுத்து நிறுத்துகிறார்கள். சுத்தமாக நிறுத்துகிறார்கள். பிறகு அம்மா நிமிர்ந்து, நாங்கள் போன பாதையைப் பார்க்கிறாள். வரப்புக்கு அந்தப் பக்கம் பெரியம்மா நிற்கிறாள். அம்மா அரிவாளால் பெரியம்மாவின் இன்னும் பச்சை மாறாத பயிரைக் காட்டி என்னவோ சொல்கிறாள். காற்றில் எதுவும் கேட்கவில்லை. பெரியம்மா வேண்டாம் என்பதுபோல் தலையாட்டி, முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரிக்கிறாள். அம்மா திரும்புகிறாள். "ம், அறுங்க" என்பது மட்டும் தெளிவாகக் கேட்கிறது.

அடுப்படியில் இருந்த அம்மாவிடம் கொண்டுபோய்க் காட்டினேன். கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். "படிக்காதவடி நானு. நாலுன்னா எம்மான்னு எனக்கு இன்னா தெரியும்?" என்றாள். வெளியே அப்பாவும் பெரியப்பாவும் மாட்டுக் கொம்புக்கு எந்தச் சாயம் அடிப்பது என்று சத்தமாகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள்.

பிறகு அம்மா, அந்தப் பாட்டின் கடைசியைப் போடு என்றாள். போட்டேன். கட்டு மேலே ஏறுகிறது. நான்கு கைகள் அதைப் பிடித்திருக்கின்றன. கட்டுக்குக் கீழே அப்பாவின் முகம், எதிரில் பெரியப்பாவின் முகம். மேலே ஏறும் இடத்தில் என் குரல் பாடிக்கொண்டிருக்கிறது. என் முகத்தை விட்டுவிட்டான் என்பது மட்டும்தான் அந்த வயதில் எனக்குத் தெரிந்தது. கேமராவை அவன் எதன் பக்கம் திருப்பினான் என்று நான் பார்க்கவே இல்லை.