நான்கு கைக்குட்டை உயரம்

ஓசூரில் நாங்கள் குடியிருந்த வீட்டின் சமையலறை வாசல் நிலையில் அப்பா சிவப்புப் பென்சிலால் ஒரு கோடு போட்டிருந்தார். யாருடைய தலை அந்தக் கோட்டைத் தொடுகிறதோ அவர் காரில் மணை இல்லாமல் உட்காரலாம். அதுவரைக்கும் அந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது.

மணை என்பது அம்மா வைத்த பெயர். அப்பாவின் கம்பெனியில் வேலை பார்த்த ஜப்பான் அதிகாரி ஒருவர் ஊர் திரும்பும்போது, தன் பிள்ளைகள் காரில் பயன்படுத்திய இரண்டு பூஸ்டர் சீட்டுகளை அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனார். முதுகு கிடையாது. இரண்டு பக்கமும் வளைந்த கைப்பிடி, நடுவில் கெட்டியான மெத்தை. பின்சீட்டில் அதைப் போட்டு அதன்மேல் பிள்ளையை உட்காரவைத்தால், பெரியவர்களுக்காகச் செய்த பெல்ட் பிள்ளைக்கும் பொருந்தும். அதில் நான் உட்கார்ந்திருந்ததைப் பார்த்து, கல்யாணப் பெண் மணையில் உட்கார்ந்த மாதிரி இருக்கிறது என்று அம்மா ஒருநாள் சிரித்தாள். பெயர் நிலைத்துவிட்டது.

அப்பா சூளகிரிப் பக்கம் வண்டிப் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பரிசோதனைப் பிரிவில் இருந்தார். நாள் முழுக்க இரும்புத் துண்டுகளை அளந்து, மயிரிழை பிசகினாலும் ஒதுக்கித் தள்ளுவது அவர் வேலை. வீட்டிலும் அதே கைதான். பெல்ட் தோளில் படிய வேண்டும், கழுத்தில் படக் கூடாது. கீழ்ப் பட்டி இடுப்பெலும்பில் நிற்க வேண்டும், வயிற்றில் ஏறக் கூடாது. இதை வேதம் மாதிரி எங்களை மனப்பாடம் செய்யவைத்திருந்தார்.

எனக்கு அப்போது பத்து வயது. தம்பிக்கு எட்டு. அவன் தலை கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றது. என் தலை இரண்டு விரற்கடை கீழே நின்றது. அக்கா நான்தான் என்று கடைகளில் விளக்கிச் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் எல்லாரும் "ரெட்டைப் பிள்ளைங்களா?" என்று கேட்டார்கள். பிறகு தம்பியைக் காட்டி "பெரியவன் எந்த ஸ்கூலு?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். அப்போதெல்லாம் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பாள். அவளுக்கு என்னால் வெட்கம் என்றுதான் நினைத்தேன்.

என் பயம் ஒன்றே ஒன்றுதான். தம்பி முதலில் கோட்டைத் தொட்டுவிடுவான். அவன் பெரிய மனிதன் மாதிரி சீட்டில் சாய்ந்து உட்கார்ந்து வர, பக்கத்தில் நான் மட்டும் மணையில் ஏறி உட்கார்ந்திருப்பேன். அதை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

அந்தப் புரட்டாசியில் சளி என்று என்னைக் குழந்தை டாக்டரிடம் கூட்டிப்போனார்கள். டாக்டர் சளியை விட்டுவிட்டு என் நகத்தைப் பார்த்தார், தலைமுடியைத் தொட்டுப் பார்த்தார், தம்பியை என் பக்கத்தில் நிற்கச் சொன்னார். பிறகு எங்கள் இருவரையும் வெளியே அனுப்பினார். கதவு மூடும்போது "மூணு மாசம் பார்ப்போம், ஏறலன்னா பெங்களூர்தான்" என்று சொன்னது மட்டும் காதில் விழுந்தது. மூன்று மாதத்தில் கோடு ஏறாவிட்டால் எங்களைப் பெங்களூரில் ஏதோ பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள் போலிருக்கிறது என்று தம்பி சொன்னான். நான் நம்பினேன்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அளவெடுக்கும் நாள். நிலையில் முதுகை ஒட்டி நிற்க வேண்டும். கம்பெனியிலிருந்து கொண்டுவந்த, 'ட' வடிவ இரும்பு மூலைமட்டத்தைத் தலைமேல் வைத்து அப்பா கோடு இழுப்பார். எல்லாரும் வெறுங்காலில் நிற்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் எனக்கு எப்போதும் குளிரும். தம்பி பனியனோடு ஓடும் நாளிலும் நான் ஸ்வெட்டரும் சாக்ஸுமாக இருப்பேன். ஓசூர்க் குளிரில் தரை ஐஸாக இருக்கும் என்று சொல்லி, எனக்கு மட்டும் சாக்ஸ் போட்டு நிற்க அப்பா அனுமதித்திருந்தார். அதற்காக ஒரு நூல் அளவு கழித்துத்தான் கோடு போடுவார். அவ்வளவு கறார்.

அந்தக் கறாரான மனிதரைத்தான் நான் ஏமாற்றினேன். கார்த்திகை மாத அளவுக்கு ஒவ்வொரு சாக்ஸிலும் குதிகாலுக்கு அடியில் ஒரு கைக்குட்டையைத் திரும்பத் திரும்ப மடித்துக் கட்டியாக்கி வைத்தேன். மேலே தரை தொடும் பாவாடை. ஒரே மாதத்தில் கோட்டைத் தொட்டால் சந்தேகம் வரும் என்று எனக்குத் தெரியும். அதனால் மார்கழிக்குத்தான் காலுக்கு இரண்டாக வைத்தேன்.

மார்கழி ஞாயிற்றுக்கிழமை மூலைமட்டம் சிவப்புக் கோட்டில் வந்து நின்றது. அப்பா அதை எடுக்காமல் அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "இங்க வா, வந்து பாரு" என்று அம்மாவைக் கூப்பிட்டார். அவர் குரல் ஒரு மாதிரி இருந்தது. அம்மா மாவுக் கையோடு வந்து பார்த்தாள். அந்தக் கையாலேயே என் முகத்தைப் பிடித்து நெட்டி முறித்தாள். அன்று கேசரி செய்தாள். அப்பா மாடிக்குப் போய் யாரிடமோ போனில், "வேண்டாங்க, பெங்களூருக்கு எழுதித் தர வேண்டாம், பிள்ளை ஏறிட்டா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணையை விட்டு இறங்குவதற்கு இவ்வளவு கொண்டாட்டமா என்று எனக்கே ஆச்சரியம். சந்தோஷமும் இருந்தது. கைக்குட்டைகளை யாரும் பார்க்காமல் அலமாரியில் திரும்ப வைத்தேன்.

தை பிறந்ததும் குந்தாரப்பள்ளிப் பக்கம் பெரியம்மா வீட்டில் காதுகுத்து. மணை இல்லாத என் முதல் பயணம் அதுதான். கிளம்பும் முன் அப்பா என்னைப் பின்சீட்டில் உட்காரவைத்துப் பெல்ட்டை மாட்டி, கழுத்துக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் இரண்டு விரலை விட்டுப் பார்த்தார். நான் கையை ஊன்றி உடம்பைத் தூக்கிக்கொண்டு, மூச்சைப் பிடித்திருந்தேன்.

"கழுத்தை ஒட்டுதே. இன்னும் கொஞ்ச நாள் பாக்கலாமா?" என்றார்.

"நீங்க போட்ட கோடுதானேங்க? அதை அவ தொட்டுட்டாளே" என்றாள் அம்மா. மணை விஷயத்தில் அப்பா சொன்னதை அவள் மறுத்ததே இல்லை. அன்று என் பக்கம் பேசினாள். அப்பா அரைமனதாகக் கதவைச் சாத்தினார்.

சூளகிரி தாண்டும்வரை கையை ஊன்றியே வந்தேன். பிறகு கை வலித்தது, இறங்கி உட்கார்ந்தேன். பெல்ட் கழுத்தை அறுத்தது. பக்கத்தில் தம்பி மணையில் சுகமாக உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தான். குருபரப்பள்ளி கிட்டத்தில், பால்கேன் கட்டிய பைக் ஒன்று எதிர்த்திசையில் எங்கள் பாதையிலேயே வந்தது. அப்பா பிரேக்கை மிதித்தார்.

கார் நின்றுவிட்டது. பைக்காரன் ஒதுங்கிப் போய்விட்டான். யாரும் யாரையும் இடிக்கவில்லை. ஆனால் நான் சீட்டிலிருந்து கீழே வழுக்கிப்போயிருந்தேன். மேல் பட்டி கழுத்தை இறுக்கியிருந்தது, கீழ்ப் பட்டி வயிற்றில் ஏறியிருந்தது. மூச்சு வரவில்லை. அப்பா ஓடிவந்து பெல்ட்டைக் கழற்றியதும் சாலையோரத்தில் வாந்தி எடுத்தேன். தம்பிக்கு ஒரு கீறலும் இல்லை. அவன் என் கழுத்தைப் பார்த்துத்தான் அழ ஆரம்பித்தான்.

காதுகுத்துக்குப் போகாமல் கிருஷ்ணகிரியில் ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள். உள்ளே ஒன்றும் இல்லை, கழுத்துக் காயம் ஒரு வாரத்தில் ஆறிவிடும் என்றார்கள். மருந்தின் அளவுக்காக எடையும் உயரமும் எழுத வேண்டும் என்று நர்ஸ் என்னைச் சுவரோடு நிற்கச் சொன்னார். செருப்பு இல்லை, சாக்ஸ் இல்லை. அளவைச் சொல்லி மருந்துச் சீட்டில் எழுதினார்.

அப்பா அந்தச் சீட்டை வாங்கிப் பார்த்தார். "இன்னொரு தடவை பாத்துடுங்க சிஸ்டர்" என்றார்.

நர்ஸ் மறுபடி பார்த்தார். அதே அளவு. அப்பா சீட்டைச் சட்டைப்பையில் வைத்துவிட்டு, என் முன்னால் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார். என் குதிகால் தரையில் படிந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்தார். படிந்துதான் இருந்தது. அதற்குமேல் என்னால் மறைக்க முடியவில்லை.

"கைக்குட்டை வெச்சேன்ப்பா."

"எத்தனை?"

"ரெண்டு. ஒவ்வொரு கால்லயும்."

"அதுக்கு முந்தின மாசம்?"

"ஒண்ணு."

அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் உதடு அசைந்துகொண்டிருந்தது. கம்பெனிக் கணக்குப் போடும்போது அப்படித்தான் அசையும். என் பொய் எவ்வளவு பெரியது என்று கணக்குப் போடுகிறார் என்று நினைத்தேன். அவர் எழுந்து, வராந்தாவில் நின்ற அம்மாவிடம் போய் ஏதோ சொன்னார். அம்மா அங்கிருந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த வாரமே பெங்களூர் போனோம். பள்ளிக்கூடம் இல்லை, ஆஸ்பத்திரி. ரத்தம் எடுத்தார்கள். தைராய்டு சுரப்பி சரியாக வேலை செய்யவில்லை, அதனால்தான் ஒரு வருஷத்துக்கு மேலாக வளர்ச்சி நின்றிருக்கிறது, குளிருவதும் அதனால்தான் என்றார்கள். தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு சின்ன மாத்திரை. பொய் சொன்னதற்குத் தண்டனை என்று நினைத்துக்கொண்டு ஒரு நாளும் தவறாமல் விழுங்கினேன். இன்றைக்கும் விழுங்குகிறேன். அம்மாவைவிட இப்போது நான் உயரம். மருத்துவம் இன்னும் தள்ளிப்போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவர்கள் இருவரும் ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை. கல்லூரிக்குப் போன பிறகு நானாகப் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கேசரி எதற்கு என்பதும் அப்போதுதான் விளங்கியது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரி வராந்தாவில் இது எதுவும் எனக்குத் தெரியாது. அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். அப்பா அவள் பக்கத்தில் சுவரைப் பார்த்தபடி நின்றார். மறுபடி என்னை மணையில் உட்காரவைக்க வேண்டியிருக்கிறதே என்றுதான் அழுகிறாள் என்று நினைத்தேன். இதற்குப் போய் அழ வேண்டுமா? வயிற்றைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடந்து அவளிடம் போனேன்.

"அழாதம்மா. நான் மணையிலயே உக்காந்துக்கறேன். எத்தனை வருஷம் ஆனாலும் உக்காந்துக்கறேன்" என்றேன்.

அவளைச் சமாதானப்படுத்த அதைவிடப் பெரிதாக என்னிடம் கொடுப்பதற்கு ஒன்றும் இல்லை. அம்மா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, அதுவரை அடக்கிவைத்திருந்ததையெல்லாம் சேர்த்து வாய்விட்டு அழுதாள். நான் சொன்னதில் என்ன தப்பு என்று புரியாமல் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன்.